நீச்சல் தடாகத் தளத்தை அகற்றி மீண்டும் போட்டுத் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: வீட்டு உரிமையாளர்கள், ஏஜாக்ஸ், ஒன்ராறியோ
பெறுநர்: முகாமையாளர், தடாகத் தளவேலை நிறுவனம்
நாள்: 2025 மே 20
விடயம்: 2024 நவம்பரில் போடப்பட்ட கொங்கிரீட் தளம் உரிந்து, வெடித்து, தாழ்ந்தமை

மதிப்புக்குரிய ஐயா,

சென்ற நவம்பர் கடைசி வாரத்தில் எங்கள் பின்வளவில் உங்கள் ஆட்கள் போட்ட தளம் ஒரே குளிர்காலத்தில் பாழாகிவிட்டது. தடாகத்தைச் சுற்றி மேற்பரப்பு செதில் செதிலாக உரிகிறது. ஸ்கிம்மரின் (தடாகத் தண்ணீரின் மேல் மிதக்கும் குப்பையை இழுக்கும் பெட்டி) இரண்டு மூலைகளிலிருந்தும் குறுக்கு வெடிப்பு ஓடியிருக்கிறது. ஆழமான பக்கத்தில் கோப்பிங் கற்கள் (தடாகச் சுவரின் மேல் விளிம்பில் பதிக்கும் கற்கள்) நான்கு மேலே எழும்பி, அவற்றுக்குக் கீழே இருக்கும் டைல் வரிசை உடைந்துவிட்டது. ஆழம் குறைந்த பக்கத்தில் தளம் 30 மில்லிமீற்றர் தாழ்ந்து தடாகத்தை நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது.

ஏப்ரலில் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் மூன்று விடயங்கள் சொல்லியிருந்தீர்கள். கனடாக் குளிரில் கொங்கிரீட் இப்படித்தான் ஆகும், நாங்கள் உப்புப் போட்டிருப்போம், மேலே மெல்லிய பூச்சுப் போட்டு சீலர் (ஈரம் புகாமல் காக்கும் திரவப் பூச்சு) அடித்தால் சரியாகிவிடும் என்றீர்கள். மூன்றில் எதையும் நாங்கள் ஏற்கவில்லை. ஒன்ராறியோவில் நடைபாதை, வாகனப் பாதை, வாசற்படி எல்லாமே கொங்கிரீட்தான். ஒழுங்காகப் போட்டவை பல பத்தாண்டுகளாக நிற்கின்றன. குளிர் ஒவ்வோர் ஆண்டும் வரும் என்று தெரிந்துதான் விலை சொன்னீர்கள். இங்கே பழுதுக்குக் காரணம், தண்ணீர் நிற்கக் கூடாத இரண்டு இடங்களில், அதாவது கொங்கிரீட்டின் தோலுக்கு அடியிலும் தளத்தின் கீழே மண்ணிலும், அதை நிற்க விட்டதும், தளத்துக்கும் கோப்பிங்குக்கும் நடுவில் இடைவெளி விடாததும்தான்.

மேற்பரப்பை முதலில் எடுத்துக்கொள்கிறோம். ஸ்கிம்மர் மூடியை அடுத்த கட்டத்தில் கையால் தடவினாலே பெருவிரல் நகம் அளவில் செதில்கள் கழன்று வருகின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்பு. அடியில் மணலும் சல்லியும் வெளியே தெரிகின்றன. உரிந்த இடங்கள் விசிறி வளைவுகளாக, ட்ரவல் (மேற்பரப்பைத் தேய்த்து மழுப்பும் தட்டைக் கரண்டி) போன தடத்திலேயே இருக்கின்றன. அன்றைய வேலை எங்கள் வீட்டுக் கமெராவில் பதிவாகியிருக்கிறது. கொங்கிரீட் ட்ரக் பிற்பகல் 1:40-க்கு வந்தது. குளிரில் கொங்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். மேலே கசிந்து வரும் தண்ணீரும் அதற்கேற்ப நீண்ட நேரம் வந்துகொண்டே இருக்கும். அது வற்றும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் ஆட்களோ இருட்டுமுன் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில், மேற்பரப்பில் தண்ணீர் பளபளத்து நிற்கும்போதே இரும்பு ட்ரவலால் இழுத்து மூடினார்கள். இறுகத் தொடங்கிய இடங்களில் குழாயால் தண்ணீர் தெளித்து மறுபடி இழுத்தார்கள்.

இதனால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் விரியும். அந்த விரிவுக்கு இடம் கொடுப்பதற்காகவே கலவையில் மிகச் சிறிய காற்றுக் குமிழிகளைச் சேர்க்கிறார்கள். தண்ணீரோடு சேர்த்து ட்ரவலால் அழுத்தினால், குமிழிகள் மிகத் தேவைப்படும் மேல் தோலிலேயே அவை அழிந்துவிடும். சீமெந்து நீர்த்துப்போகும், கசிந்த தண்ணீரும் அடியில் அடைபடும். குமிழி சேர்த்த வெளிப்புறக் கொங்கிரீட்டில் இரும்பு ட்ரவல் போடக்கூடாது. மக்னீசியம் ஃப்ளோட்டால் (தேய்ப்புப் பலகை) சமப்படுத்தி, துடைப்பக் கோடு இழுத்து விட்டுவிட வேண்டும். தடாக ஓரத்தில் வழுக்காமல் இருக்கவும் அதுவே நல்லது.

உங்கள் கணக்காளர் அனுப்பிய டெலிவரி டிக்கெட் எங்களிடம் உள்ளது. கொங்கிரீட் ஆலை அனுப்பியது ஒப்பந்தப்படி கனடாவின் CSA A23.1 கொங்கிரீட் தரநிலையின் சி-2 வகைக் கலவை: பலம் 32 மெகாபாஸ்கல் (அழுத்தத்தைத் தாங்கும் அளவு), தண்ணீர்-சீமெந்து விகிதம் 0.45-க்கு மேற்படாதது, காற்று 5 முதல் 8 வீதம். ஆலையின் மேல் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் அதே டிக்கெட்டில், 6 கன மீற்றர் கலவைக்கு எங்கள் வளவில் வைத்து 90 லீற்றர் தண்ணீர் சேர்த்ததாக எழுதி உங்கள் மேற்பார்வையாளர் கையெழுத்திட்டிருக்கிறார். அதாவது கன மீற்றருக்கு 15 லீற்றர். கன மீற்றருக்கு 5 லீற்றர் கூடினால் பலம் ஏறத்தாழ 1.4 மெகாபாஸ்கல் குறையும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 4 மெகாபாஸ்கலுக்கு மேல் அங்கேயே போய்விட்டது, விகிதமும் 0.45-ஐத் தாண்டிவிட்டது.

அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் மூன்று இடங்களில் கோர் (துளைத்தெடுக்கும் உருளை மாதிரி) எடுத்துப் பார்த்ததன் அறிக்கையை இத்துடன் இணைத்திருக்கிறோம். தளத்தின் நடு உடம்பில் காற்று 5.6 வீதம், மேல் 3 மில்லிமீற்றரில் 1.9 வீதம்தான். உப்பைப் பற்றிய உங்கள் வாதமும் இதனோடு முடிகிறது. நாங்கள் மணல் மட்டுமே தூவினோம். அதைவிட, சி-2 என்பதே உறைவையும் உப்பையும் சேர்த்துத் தாங்குவதற்கான வகை. தடாகத்துக்கு உப்புநீர்க் குளோரின் கருவியை விற்றதும் நீங்கள்தான். அந்தத் தண்ணீர் தளத்தில் தெறிக்காமல் யாரும் நீந்த முடியாது.

பதப்படுத்தலும், அதாவது போட்ட கொங்கிரீட் பலம் பெறும்வரை பாதுகாப்பதும், அப்படியே. சி-2 வகைக்கு 10 பாகை செல்சியசுக்குக் குறையாமல் 7 நாள் பாதுகாப்பு வேண்டும், குறித்த பலத்தில் 70 வீதத்தையும் எட்டியிருக்க வேண்டும். நீங்கள் போர்த்திய காப்புப் போர்வை இரண்டாம் காலையே எடுக்கப்பட்டது; தொடர்ந்த இரவுகளில் உறைநிலைக்குக் கீழே போனது. ஒரு தடவை உறைவதைத் தாங்கவே கொங்கிரீட் சுமார் 3.5 மெகாபாஸ்கல் பலம் பெற்றிருக்க வேண்டும். நனைந்த நிலையில் உறைந்து உருகி, உறைந்து உருகி வருவதைத் தாங்க 24 மெகாபாஸ்கலுக்கு மேல் வேண்டும். அந்தப் பலம் வருமுன்னரே ஈரக் கொங்கிரீட்டின் மேல் அக்ரிலிக் சீலரை வேறு அடித்து, உள்ளே இருந்த ஈரம் வெளியேற முடியாதபடி மூடிவிட்டீர்கள். இப்போது அது பால்வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது.

அடுத்தது கோப்பிங். எங்களுக்கு மிகவும் ஆத்திரம் தருவது இதுதான், ஏனென்றால் இதைச் சரியாகச் செய்வதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். தடாகச் சுவர் உறைமட்டத்துக்குக் (குளிரில் மண் உறையும் ஆழம்) கீழே ஊன்றி அசையாமல் நிற்கிறது. தளம் மண்ணின் மேல் கிடக்கிறது. குளிரில் எழும்பும், கோடையில் விரியும். 40 அடி நீளக் கொங்கிரீட், -20 பாகையிலிருந்து வெயிலில் 35 பாகைக்குப் போகும்போது 7 மில்லிமீற்றர் அளவுக்கு நீளும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் தளத்தின் முழுத் தடிப்புக்கும் இடைவெளி விட்டே ஆகவேண்டும். ஒப்பந்தத்திலும் 12 மில்லிமீற்றர் விரிவு மூட்டு என்று எழுதியிருக்கிறது. எழும்பிய கல்லொன்றை எடுத்துப் பார்த்தோம். அந்த இடைவெளியில் இருக்கவேண்டிய ஃபோம் பட்டி இல்லை. கொங்கிரீட் நேரே கல்லோடு ஒட்டி, சுவரின் மேல் விளிம்பிலும் வழிந்து ஏறி இறுகியிருக்கிறது. மேலே தெரிவது வெறும் சாம்பல் நிற சீலன்ட் (மூட்டை அடைக்கும் பசை) கோடு. ஆழம் 4 மில்லிமீற்றர்கூட இல்லை. தளம் எழும்பியபோது கல்லையும் தூக்கிக்கொண்டுதான் எழும்பியது.

தளம் ஏன் இவ்வளவு எழும்பித் தாழ்ந்தது என்பதற்கு விடை கீழே இருக்கிறது. மண் உறைந்து எழும்ப மூன்றும் சேரவேண்டும்: குளிர், தண்ணீரை மேலே இழுக்கும் நுண்துகள் மண், தண்ணீர். இந்தப் பகுதியில் உறைமட்டம் 1.2 மீற்றர் என்று வைத்துத்தான் அத்திவாரம் போடுகிறார்கள். குளிரை யாரும் மாற்ற முடியாது, மற்ற இரண்டையும் மாற்றலாம். ஒப்பந்தத்தில் 150 மில்லிமீற்றர் கிரனுலர் ஏ (தளத்தின் கீழே போடும் நொறுக்கிய சல்லிக் கலவை), இரண்டு அடுக்காக இறுக்கியது என்று இருக்கிறது. கோர் துளைகளில் கிடைத்தது 55 முதல் 60 மில்லிமீற்றர். அதன் கீழே, சுவருக்கு வெளியே 2 அடி அகலத்துக்குத் தோண்டிய பள்ளத்தில், தோண்டியெடுத்த அதே களிமண்ணை ஒரே தடவையில் தள்ளி நிரப்பியிருக்கிறீர்கள். 4 அடி அகலத் தளத்தில் பாதி அந்தத் தளர்ந்த மண்ணின் மேல்தான் இருக்கிறது. களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்து உறையும்போது தளத்தைத் தூக்கியது, பனி உருகியதும் இளகி முன்பிருந்ததைவிடக் கீழே போனது. சரிவும் இப்போது தடாகத்தை நோக்கித் திரும்பிவிட்டதால், விழும் மழையெல்லாம் அதே பள்ளத்துக்குள் இறங்குகிறது. இப்படியே விட்டால் அடுத்த குளிரில் தடாகச் சுவருக்கும் ஆபத்து.

தடிப்பைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. 40க்கு 32 அடி வெளி அளவிலிருந்து 32க்கு 16 அடித் தடாகத்தைக் கழித்தால் 768 சதுர அடி, 71.3 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் தடிப்புக்கு 7.1 கன மீற்றர் வேண்டும். சேதாரத்தோடு 8 எடுப்பது வழக்கம். வந்தது 6. சராசரி 84 மில்லிமீற்றருக்கு மேல் வர வழியே இல்லை, கோர்களும் 97, 81, 74 என்றுதான் காட்டுகின்றன. கம்பி வலை மூன்றில் இரண்டு துளைகளில் கிறவலின் மேலேயே படுத்திருக்கிறது. வெட்டு மூட்டுகளை மூன்றாம் நாள்தான் வந்து வெட்டினீர்கள், அதுவும் 16 அடிக்கு ஒன்று, 12 மில்லிமீற்றர் ஆழத்தில். தடிப்பின் கால்வாசியாவது, அதாவது 25 மில்லிமீற்றர், வெட்டினால்தான் வெடிப்பு அந்தக் கோட்டில் போகும். ஸ்கிம்மரின் உள்மூலைகளில் மூட்டும் இல்லை, குறுக்குக் கம்பியும் இல்லை. வெடிப்பு அங்கே தொடங்கியதில் வியப்பில்லை.

நீங்கள் சொல்லும் மேல்பூச்சு இவற்றில் எதையும் தீர்க்காது. பலமில்லாத தோலில் ஒட்டிய பூச்சு அந்தத் தோலோடு சேர்ந்து கழன்று வரும். கீழே மண் அசையும்போது எந்தப் பூச்சும் வெடிக்கும். எனவே தளம் முழுவதையும் உடைத்து அகற்றி, உங்கள் செலவில் மீண்டும் போட்டுத் தருமாறு கேட்கிறோம்.

அது எப்படி இருக்கவேண்டும் என்பதையும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். சுவரோரப் பள்ளத்திலிருக்கும் களிமண் முழுவதும் வெளியே போகவேண்டும். அங்கே ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை விடும் துணி) விரித்து 19 மில்லிமீற்றர் கழுவிய சல்லி நிரப்பி, அடியில் துளையிட்ட குழாய் வைத்து நிலத்தடித் தொட்டிக்கு இணைக்க வேண்டும். மேலே 150 மில்லிமீற்றர் கிரனுலர் ஏ, இரண்டு அடுக்காக, 98 வீத ப்ரொக்டர் (மண் இறுக்கத்தை அளக்கும் சோதனை) இறுக்கத்துக்கான சோதனை அறிக்கையோடு. 10எம் அளவு இரும்புக் கம்பி இரண்டு பக்கமும் 400 மில்லிமீற்றருக்கு ஒன்று, தாங்கிகளின் மேல் தளத்தின் நடு உயரத்தில். அதைத் தடாகத்தின் உலோகப் பாகங்களோடு செம்புக் கம்பியால் இணைத்ததை, மூடுமுன் மின் பாதுகாப்புப் பரிசோதகர் பார்த்திருக்க வேண்டும். கோப்பிங் ஓரம் முழுவதும் 12 மில்லிமீற்றர் ஃபோம் பட்டி, மேலே பேக்கர் ராட் (சீலன்ட்டுக்கு அடியில் வைக்கும் ஃபோம் கயிறு), தானாகச் சமமாகும் பொலியூரிதேன் சீலன்ட். சி-2 கலவை 8 கன மீற்றர், காற்றளவு ட்ரக்கிலிருந்து இறங்கும் இடத்திலேயே சோதிக்கப்பட வேண்டும், அதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக் கூடாது. சரிவு அடிக்கு கால் அங்குலம், தடாகத்துக்கும் வீட்டுக்கும் எதிர்ப்புறமாக. வெட்டு மூட்டுகள் 12 மணி நேரத்துக்குள். அகன்ற பக்கத்தில் 3 மீற்றருக்கு மேற்படாமலும், 4 அடிப் பட்டிகளில் 6 அடிக்கு மேற்படாமலும். 7 நாள் ஈரப் பதப்படுத்தல். 28 நாளுக்குப் பிறகு உள்ளிறங்கும் சிலேன் சீலர் மட்டும்.

வேலை இவ்வாண்டு செப்டம்பர் நடுப்பகுதிக்குள் முடியவேண்டும். உறைவு தொடங்குமுன் கொங்கிரீட் காய்வதற்கு ஒரு மாதமாவது வேண்டும். கோப்பிங் கற்களும் டைல் வரிசையும் இதில் அடக்கம். ஆய்வுகூடக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும். கடைசித் தவணை 3,400 டொலரை, புதிய தளத்தின் சோதனை அறிக்கைகள் கையில் கிடைக்கும்வரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இக்கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். ஒன்ராறியோவின் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் தரும் சேவை ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் உள்ள உத்தரவாதம். வழக்குத் தொடர எங்களுக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது. ஆனால் இன்னொரு குளிர்காலத்தை இந்தத் தளத்தோடு கடக்க நாங்கள் தயாரில்லை. பதில் வராவிட்டால் வேறு ஒப்பந்தக்காரரைக் கொண்டு வேலையை முடித்து, அந்தச் செலவை உங்களிடமிருந்து நீதிமன்றம் மூலம் கோருவோம்.

மூன்று கோர்களும், கழற்றிய கோப்பிங் கல்லும், கமெராப் பதிவும் எங்களிடம் உள்ளன. வந்து பார்ப்பதானால், நாங்கள் கோர் துளைகளைத் திறந்து வைக்க வசதியாக, இரண்டு நாள் முன்பாக அறிவியுங்கள். கொங்கிரீட் வேலைக்குப் பொறுப்பாக அன்று நின்ற உங்கள் மேற்பார்வையாளரையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்கள்