லிச்சியும் வெறும் வயிறும்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைப் பழங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பீகாரின் முசாபர்பூரில் குழந்தைகள் இறந்ததைக் குறிப்பிட்டு, ‘லிச்சிப் பழத்தில் மூளையைத் தாக்கும் நஞ்சு உள்ளது, நன்றாகக் கழுவி உண்டால் ஆபத்தில்லை’ என்று ஒரு வரி இருந்தது. கல்லூரியில் முப்பது ஆண்டுகள் உயிர்வேதியியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில், அந்த வரியில் உள்ள இரண்டு பிழைகளைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அந்தப் பொருள் பழத்தின் சதையிலும் கொட்டையிலும் இருப்பது. தோலைக் கழுவுவதால் அது போகாது. அது முதலில் கைவைக்கும் இடம் மூளையன்று, கல்லீரல்.

இரவில் கல்லீரல் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். உண்ட உணவிலிருந்து வரும் குளுக்கோஸின் ஒரு பகுதியை அது கிளைக்கோஜனாக்கிச் சேமித்துக்கொள்கிறது. நன்கு உண்ட பெரியவர் ஒருவரின் கல்லீரலில் இந்தச் சேமிப்பு ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். அவருடைய மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் அளவில் குளுக்கோஸ் வேண்டும். உறக்கத்தில் இரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் கணையம் குளுக்ககான் என்ற ஹார்மோனைச் சுரக்க, அதன் ஆணைப்படி பாஸ்பாரிலேஸ் என்ற நொதி கிளைக்கோஜனை உடைக்கிறது. உடைந்து வருவதில் பாஸ்பேட் ஒட்டியிருப்பதால் அது செல்லை விட்டு வெளியேற முடியாது. அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை. தசைகளில் கல்லீரலைவிட அதிகமாகக் கிளைக்கோஜன் இருந்தும் அது மூளைக்கு உதவாமல் போவது இதனால்தான். பிறவியிலேயே இந்த நொதி இல்லாத குழந்தைகளின் கல்லீரல் கிளைக்கோஜனால் புடைத்திருக்க, இரத்தத்தில் மட்டும் சர்க்கரை வற்றிக் கிடப்பதன் காரணத்தை 1952-இல் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் கண்டறிந்தனர்.

சேமிப்பு குறையக் குறைய, கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் ஆக்கும் வேலையை முடுக்குகிறது. லாக்டேட், அலனின், கிளிசரால் ஆகியவை அதற்கான மூலப்பொருள்கள். இவற்றுள் முதல் இரண்டும் பைருவேட் என்ற இடைப்பொருளாகி நுழைய வேண்டிய வாயிலில் நிற்கும் நொதி, செல்லின் இழைமணிக்குள் (மைட்டோகாண்ட்ரியா) இருக்கும் பைருவேட் கார்பாக்சிலேஸ். 1960-இல் கோழியின் கல்லீரலில் இதைக் கண்டறிந்த மெர்ட்டன் அட்டரும் புரூஸ் கீச்சும், அசிட்டைல் கோ-ஏ என்ற மூலக்கூறு வந்து ஒட்டினாலொழிய இந்த நொதி வேலை செய்வதில்லை என்பதையும் கண்டனர். பட்டினி நேரத்தில் அசிட்டைல் கோ-ஏ கிடைப்பது கொழுப்பு அமிலங்கள் எரிவதிலிருந்து. என் மாணவர்கள் ஆண்டுதோறும் இடறிய இடம் இது: கொழுப்பு அமிலம் குளுக்கோஸாக மாறுவதில்லை; ஆனால் அது எரிந்தால்தான் குளுக்கோஸ் ஆக்குவதற்கு வேண்டிய ஆற்றலும் கிடைக்கும், வாயிலைத் திற என்ற உத்தரவும் பிறக்கும். பைருவேட்டை வேறு பக்கம் இழுத்துச் செல்லக்கூடிய பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியை அதே அசிட்டைல் கோ-ஏ தடுத்தும் வைக்கிறது. ஒரே பொருளைக் கொண்டு ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைச் சாத்தும் இந்தச் சிக்கனம், எத்தனை முறை பாடம் நடத்தியும் எனக்கு அலுத்ததில்லை.

லிச்சி குறுக்கிடுவது இந்த இடத்தில்தான். அதில் ஹைப்போகிளைசின்-ஏ, எம்.சி.பி.ஜி. (மெத்திலீன் சைக்ளோபுரொப்பைல் கிளைசின்) என்ற இரண்டு அமினோ அமிலங்கள் உள்ளன. முழுதாகப் பழுக்காத செங்காயில் அவை கூடுதல். உடலுக்குள் சென்று உருமாறிய பிறகே அவை நஞ்சாகின்றன. கொழுப்பு அமிலங்களை எரிக்கும் நொதிகளைப் பற்றிக்கொண்டு முடக்குகின்றன. கொழுப்பு எரியாததால் அசிட்டைல் கோ-ஏ குறைகிறது, பைருவேட் கார்பாக்சிலேஸ் உறங்குகிறது, மூலப்பொருள் வாசலில் காத்திருந்தும் குளுக்கோஸ் பிறப்பதில்லை. பட்டினியில் மூளைக்கு மாற்று எரிபொருளாக உதவும் கீட்டோன்களும் கொழுப்பு எரிந்தே வர வேண்டும் என்பதால், அந்த வழியும் கூடவே அடைபடுகிறது.

வயிறார உண்டு படுத்த குழந்தைக்கு விடியும்வரை கிளைக்கோஜன் தாங்கிவிடும். பகலில் தோப்பில் உதிர்ந்த பழங்களைத் தின்றுவிட்டு, இரவு உண்ணாமல் உறங்கிப்போகும் ஊட்டம் குறைந்த குழந்தையின் நிலை வேறு. ஐந்து வயதில் மூளை பெரியவர் மூளையின் அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. கல்லீரலோ சிறியது, அதன் சேமிப்பு அதனினும் சிறியது. அந்தச் சேமிப்பு பின்னிரவில் தீர்ந்து, அதிகாலையில் வலிப்பு வருகிறது.

முசாபர்பூரில் இதைச் ‘சம்கி புக்கார்’ என்பார்கள். புக்கார் என்றால் காய்ச்சல். பெயரிலேயே காய்ச்சல் இருந்ததாலோ என்னவோ, நெடுங்காலம் வைரஸையே தேடினார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வையே தொழிலாகக் கொண்டிருந்த டி. ஜேக்கப் ஜான்தான், நச்சியல் ஆய்வாளர் முகுல் தாஸுடன் சேர்ந்து 2014-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில், பழத்திலுள்ள பொருளின் மீது ஐயத்தைத் திருப்பினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அதே ஆண்டுக் கோடையில் அங்குள்ள இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்தனர். அந்த நோயாளிகளை ஆராய்ந்து 2017-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியான கட்டுரை, லிச்சி உண்டதோடு முந்திய மாலை உணவு இல்லாததும் சேர்ந்தபோது ஆபத்து கூடியதைக் காட்டியது. 2019-இல் மீண்டும் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, பழத்தைப் பற்றிய அச்சம் பரவிய அளவுக்கு இரவுச் சோற்றைப் பற்றிய பேச்சு பரவவில்லை என்பது என் வருத்தம். (லிச்சியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் முடக்கத்தானும், அதற்காக யாரும் முடக்கத்தான் தோசையைக் கண்டு அஞ்ச வேண்டாம்.)

ஆகவே, கழுவச் சொன்ன அந்த வரியை நீக்கிவிட்டு, குழந்தைகள் செங்காய் லிச்சியை உண்ணக் கூடாது, வெறும் வயிற்றில் நிறைய உண்ணக் கூடாது, இரவு உணவின்றி உறங்கக் கூடாது என்று அடுத்த இதழில் வெளியிடக் கோருகிறேன். அதிகாலையில் வலிப்பு கண்ட குழந்தைக்கு இரத்தச் சர்க்கரையை உடனே பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்திருந்தால் சிரை (இரத்தக்குழாய்) வழியே குளுக்கோஸையே ஏற்ற வேண்டும். குளுக்ககான் ஊசியை நம்பியிருக்க முடியாது. ஆணை போய்ச் சேர்ந்தாலும் உடைப்பதற்குக் கிளைக்கோஜன் இருக்க வேண்டுமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி