ஏடு படிப்பவர்களுக்கும் நிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆராய்ச்சி நிதியைப் பங்கிடும்போது அறிவியலுக்குப் பெரும்பங்கு, மொழிக்கும் வரலாற்றுக்கும் மிச்சம்மீதி என்ற போக்கு வேதனை தருகிறது. இவை ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தவை.

1054ஆம் ஆண்டு வானில் திடீரென ஒளிர்ந்த விண்மீனைச் சீன வானநோக்கர்கள் நாளோடு குறித்துவைத்தார்கள். நண்டு நெபுலா என்னும் வாயு, தூசி முகில் அந்த விண்மீன் வெடித்ததன் எச்சம் என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவது, அந்தப் பழம்பதிவுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான். வேதியியலாளர் வில்லார்டு லிப்பியும், பழம்பொருளில் எஞ்சிய கதிரியக்கக் கார்பனைக் கொண்டு அதன் வயதை அறியும் தம் கார்பன் காலக்கணிப்பைச் சரிபார்த்தது, வரலாற்றாய்வாளர்கள் ஏற்கெனவே காலம் கணித்திருந்த எகிப்தியக் கல்லறை மரத்துண்டுகளை வைத்துத்தான்.

மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் மருந்தை நினைத்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது. மூலிகையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லும் 4ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலின் குறிப்பைப் படித்தபிறகே, சீன அறிவியலாளர் தூ யூயூ குறைந்த வெப்பத்தில் சாறு பிரிக்க முனைந்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எத்தனை லட்சம் உயிர்கள் பிழைத்திருக்கின்றன!

இரு துறைகளைத் தொடும் ஆய்வுத் திட்டங்களை ஒரே துறையினர் மட்டும் மதிப்பிடுவதை நிறுத்த வேண்டும். மதிப்பீட்டுக் குழுவில் இரு தரப்பு அறிஞர்களும் இடம்பெறுவதை நிதி வழங்கும் அமைப்புகள் விதியாகவே ஆக்க வேண்டும்.

– ஒரு வாசகர்