ஒன்பது கேள்விக்குறிகள்: மக்கள் சேவைச் செயலிகளை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பொதுமக்களுக்கான இணையச் செயலிகளை ஜாவாவில் எழுதிப் பராமரிக்கும் பொறியியலாளர்களுக்கு வணக்கம்.

நானும் உங்களைப் போல ஜாவா எழுதிப் பிழைப்பவன், ஊர் இலங்கை மலையகத்தின் ஹற்றன். சென்ற மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையில் ஒரு தோட்டத்து அம்மா அச்சிட்ட தாளொன்றை என்னிடம் நீட்டினார். இணையத்தில் அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி. பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. "என் பெயர் எங்கே தம்பி?" என்று கேட்டார்.

அவர் பெயர் முத்தம்மா. எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் ம, உகரக் குறி, த, புள்ளி என்று எண்ணிக்கொண்டு போனால் ஒன்பது குறிகள். தாளிலும் ஒன்பது கேள்விக்குறிகள். அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 27. உள்ளே வரும்போதே, ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாகக் கொள்ளும் பழைய ஐஎஸ்ஓ-8859-1 முறை என்று வாசித்திருந்தால் 27 குப்பை எழுத்துகள் வந்திருக்கும். ஒன்பதுதான் வந்தது என்றால், செயலி அவர் பெயரைச் சரியாகப் பெற்றுக்கொண்டு, திருப்பி அனுப்பும்போதோ தரவுத்தளத்தில் எழுதும்போதோ தொலைத்திருக்கிறது.

மலையகத்தில் இது சின்ன விஷயமல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை பத்திரங்களோடு அலைந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்றால், ஒருநாள் கூலியை விட்டுச் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசிக்கு நிற்க வேண்டும்.

இதற்கான மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. உலாவியின் வேண்டுகோளுக்கு மறுமொழி தரும் ஜாவா நிரலே சேர்வ்லெட். 2001இல் வந்த அதன் 2.3 பதிப்பு முதல் ஃபில்டர் என்ற வடிகட்டி உண்டு. வேண்டுகோள் சேர்வ்லெட்டைச் சேருமுன் அதை இடைமறிக்கலாம். மறுமொழி வெளியேறுமுன்னும் தொட்டுத் திருத்தலாம். இரு பக்கத்துக்கும் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் ஃபில்டர் சில வரிகள்தான். ஸ்பிரிங் என்ற ஜாவா சட்டகத்தில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. ஆனால் அது சங்கிலியின் முதல் கண்ணியாக நிற்க வேண்டும். அதற்கு முன்னால் வேறொரு ஃபில்டர் வேண்டுகோளோடு வரும் ஒரே ஒரு மதிப்பை (பரமீற்றரை) வாசித்துவிட்டாலும் அறிவிப்பு பலிக்காது. நிரலுக்குள் இடும் அனொட்டேஷன் குறிப்பில் மட்டும் அறிவித்தால் வரிசைக்கு உத்தரவாதமில்லை, செயலியின் அமைப்புகளைச் சொல்லும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் வரிசையாக எழுதுங்கள். மறுமொழியிலும் அப்படியே: மறுமொழியை எழுதும் ரைட்டரைக் கேட்டு வாங்குமுன் குறிமுறையைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்குக் கேள்விக்குறியை விடக் கவலை தருவது "சுத்தப்படுத்தும்" ஃபில்டர். எழுத்துகளை மட்டும் விடு, மற்றதை நீக்கு என்று ரெகெக்ஸ் என்ற எழுத்துக்கோல விதியில் யூனிகோடின் எழுத்து வகையை மட்டும் அனுமதிப்பார்கள். தமிழில் புள்ளியும் உயிர்க்குறிகளும் அந்த வகைக்குள் வருவதில்லை. அவை எழுத்தோடு சேரும் குறி என்ற தனி வகை. அந்த ஃபில்டரைத் தாண்டும்போது முத்தம்மா "மததமம" ஆகிவிடுகிறார். கேள்விக்குறியாவது கண்ணில் படும். இதுவோ தமிழ் தெரியாத அதிகாரிக்குச் சரியான பெயராகவே தோன்றும், அப்படியே பதிவாகும். இரண்டு வகைகளையும் சேர்த்து அனுமதியுங்கள்.

இன்னொன்று, கோபால். சில விசைப்பலகைகள் "கோ"வின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அனுப்பும். சில ஒரே குறியாக அனுப்பும். திரையில் வேறுபாடே தெரியாது, தேடினால் அகப்படாது. வேண்டுகோளைப் போர்த்தும் உறை வகுப்பொன்றை எழுதி, ஜாவா 6 முதல் உள்ள நோர்மலைசரால், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுங்கள். ஒற்றை மதிப்பைத் தரும் முறையை மட்டும் மாற்றினால் போதாது. பல மதிப்புகளையும் முழு அட்டவணையையும் தரும் முறைகளிலும் அதே மாற்றம் வேண்டும். "சௌ" எழுதும்போது கடைசிக் குறிக்குப் பதில் அதைப் போலவே தோன்றும் ளகரத்தைத் தட்டுவோரும் உண்டு. அதை நோர்மலைசர் திருத்தாது, தனி விதி எழுத வேண்டும்.

அடுத்த வெளியீட்டுக்கு முன் உங்கள் சோதனைப் பட்டியலில் முத்தம்மா, கோபால், சௌந்தரி ஆகிய மூன்று பெயர்களையும் சேர்த்துவிடுங்கள். படிவத்தில் இட்டு, சேமித்து, தேடி, கடைசியில் அச்சிட்டும் பாருங்கள். எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

அன்புடன்,
ஹற்றனிலிருந்து ஒரு மென்பொருளாளன்