செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது முகாம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய எண்ணிக்கை இல்லாமல் ஒத்திவைத்துப் பிறகு நடத்தினோம். ஆயுத பூஜையும் பொங்கல் சந்திப்பும் வழக்கம்போல நடந்தன. மே மாத ஏற்காடு முகாம், கோடை விழாவின் கூட்ட நெரிசலால் கைவிடப்பட்டது. தை மாதம் காவிரிக் கரையில் உள்ள பூலாம்பட்டியில் ஓர் இரவு முகாம் நடந்தது.

ஆண்டின் முக்கியப் பணி, முகாம் இடப் பதிவேடு. உறுப்பினர்கள் கூடாரம் அடித்துத் தங்கத் தகுந்த இடங்களின் பட்டியல் அது. சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து ஏகமனதாக ஏற்கப்பட்டது. விதி ஒன்றுதான்: ஓர் இடத்தைக் கோடையில் ஒருமுறை, ஆடிப்பெருக்கை ஒட்டி ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் பார்த்த பிறகே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 'ஒரு இடத்தைப் பார்க்க மூன்று நடையா?' என்று கேட்ட உறுப்பினர்களுக்கு மேட்டூர் அணையே பதில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை தொடக்கத்தில் நீர்மட்டம் 40 அடியை ஒட்டி இருந்தது. ஜூலை 30 அன்று முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. பண்ணவாடிப் பக்கம் கோடையில் நாம் நடந்து பார்த்து, 'அருமையான சமதளம்' என்று எழுதிவைத்த கரை, நான்கே வாரத்தில் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரே நடையோடு பதிவேட்டில் ஏற்றியிருந்தால் அந்த இடத்தைத்தான் உறுப்பினர்களுக்குக் கொடுத்திருப்போம்.

நீர் இறங்கிய பின்னும் அந்தக் கரையை நம்ப முடியாது. வண்டல் மேலே காய்ந்து வெடித்திருக்கும், ஒரு சாண் கீழே களியாக இருக்கும். கம்பை ஊன்றிப் பார்க்க வேண்டும். கைப்பலத்தில் ஒரு முழம் இறங்கினால் அங்கே காரை நிறுத்தவும் கூடாது, கூடாரம் அடிக்கவும் கூடாது.

அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி என்று கதவணைகள், அதாவது ஆற்றின் குறுக்கே மதகுகளோடு கட்டிய தடுப்புகள், வரிசையாக உள்ளன. கதவணைக்கு மேலே தண்ணீர் ஏரிபோலத் தேங்கி நிற்கும். பூலாம்பட்டியின் அழகு அப்படி வந்ததுதான். ஆனால் கரையோரமே ஆழம், குளிக்க இறங்கும் இடத்தைப் படித்துறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கதவணைக்குக் கீழே பாறைகள் காய்ந்து, கூடாரம் அடிக்கத் தோதாகத் தெரியும். அங்கேதான் ஆபத்து. மின் உற்பத்திக்கோ மேலிருந்து வரத்து கூடியோ மதகைத் திறந்தால், வானத்தில் ஒரு மேகமும் இல்லாமலே தண்ணீர் வந்துவிடும். எச்சரிக்கைச் சங்கு ஊதினாலும் தூக்கத்திலிருந்து எழுந்து பொருளைச் சுருட்ட நேரம் இருக்காது. கரையோர மரக்கிளைகளில் சருகும் சாக்குக் கிழிசலும் சிக்கியிருக்கும் உயரத்தைப் பாருங்கள், அது சென்ற வெள்ளத்தின் மட்டம். கூடாரம் அதற்கும் மேலே ஓர் ஆள் உயரத்தில் இருக்க வேண்டும். இது பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. படிக்காமல் போன ஒரு குழு ஜனவரியில் ஒரு கதவணைக்குக் கீழே தங்கி, நள்ளிரவில் கரையேறியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சங்கத்தின் இரண்டு கூடாரங்களும் ஓர் அடுப்பும் போயின. அவற்றின் விலை இன்றுவரை வந்து சேரவில்லை.

சேர்வராயன் மலையில் பிரச்சினை வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதன்பின் மலை இடங்களுக்குக் குப்பனூர்ப் பாதை உட்பட இரண்டாவது இறங்குவழியையும் பதிவேட்டில் சேர்த்தோம். சாலைக்காக வெட்டிய சரிவின் கீழும் விளிம்பிலும் தங்கக் கூடாது. தரையில் புது விரிசல், ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

5,300 அடிக்கு மேல் உள்ள சேர்வராயன் கோயில் உச்சி கண்ணுக்கு இதமான இடம், ஆனால் காற்றுக்கு மறைவு இல்லை. அடிப்பள்ளத்தில் இரவுக் குளிர் இறங்கித் தேங்கி, விடியலில் கூடாரத்தின் உள்பக்கமே நனைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில், சரிவின் பாதியில் உள்ள சமதளமே நல்லது. இருபுறக் காற்றுவழியையும் நாலு விரற்கடையாவது திறந்து வைக்க வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடினால் மூச்சின் ஈரமே துணியில் படிந்து சொட்டும். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் கிளை காற்றில் சட்டென்று முறியும், அதன் அடியில் படுக்கக் கூடாது. காட்டெருமை வழக்கமாக நீருக்கு இறங்கும் தடத்தில் குளம்படி தெளிவாக இருக்கும். அதை மறித்து ஒரு கயிறும் கட்டாதீர்கள்.

தரையின் சரிவு தெரிய, பாதி நிரப்பிய தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்தால் போதும். அது உருளும் பக்கம் கால் இருக்க வேண்டும். மலையில் பாறை மேலாக இருப்பதால் கூடார முளை நான்கு விரல்கூட இறங்காது. கயிற்றை ஒரு குச்சியில் கட்டி, குச்சியின் மேல் பெரிய கல்லை வையுங்கள். ஆற்று மணலில் முளை நிற்கவே நிற்காது. சின்ன அரிசிப் பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்தால் நல்ல காற்றையும் தாங்கும். அடிவிரிப்பு கூடாரத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி அடியில் கொண்டுவந்து சேர்க்கும், உள்ளே மடித்துவிட வேண்டும். மாடுகள் படுக்கும் இடம் மெத்தென்று இருக்கும், ஆனால் உண்ணி உண்டு. புதரோரம் தங்கி வந்து பத்து நாள் கழித்துக் காய்ச்சல் கண்டால், உடம்பில் கருகிய பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். அது ஸ்கரப் டைபஸ் என்ற பூச்சிக்கடிக் காய்ச்சலாக இருக்கலாம்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது. ஓடைநீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் கிருமி சாகும். ஆனால் திருமணிமுத்தாற்றில் சேலத்துக்குக் கீழே கலந்திருக்கும் சாயமும் கழிவும் கொதித்தாலும் போகாது. அந்த நீரில் பாத்திரம்கூடக் கழுவக் கூடாது. கார்த்திகை முதல் தை வரை காப்பி அறுவடை. பழம் கழுவிய நீர் கலந்த ஓடை பழுப்பாகிப் புளித்த வாடை வீசும், அதுவும் ஆகாது.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் இறந்ததற்குப் பிறகு அனுமதி விஷயத்தில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. வனத்துறை அனுமதியின்றிக் காப்புக்காட்டில் கால் வைப்பதில்லை. பட்டா நிலமென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குகிறோம். மாசி முதல் புல் காய்ந்திருக்கும், விறகு நெருப்பு அறவே கூடாது.

இத்தனைக்கும் இந்த ஆண்டு பன்னிரண்டு பார்வை நடைகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் முன்பே தகவல் கொடுத்தேன். வந்தவர்கள் பெரும்பாலும் மூன்று பேர், அதே மூன்று பேர். பூலாம்பட்டி முகாமுக்கு மட்டும் நாற்பது பேர் வந்தோம். அந்த இடத்தை ஆடியிலும் கார்த்திகையிலும் போய்ப் பார்த்ததும் அந்த மூவர்தான் என்பதைப் பொதுக்குழு அறிய வேண்டும். ஒன்பது இடங்கள் பார்வையில் எடுக்கப்பட்டு, நான்கு மட்டுமே மூன்று பருவமும் முடிந்து பதிவேறின. மீதி ஐந்து ஆள் இல்லாமல் நிற்கின்றன.

சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய். உறுப்பினர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் செலுத்தவில்லை. சிலர் இரண்டாம் ஆண்டாகப் பாக்கி. மூன்று முறை நினைவூட்டினோம். முகாமுக்கு வரும்போது கட்டுவதாகச் சொன்னவர்கள் முகாமுக்கு வந்தார்கள், கட்டவில்லை. பார்வை நடைகளின் வண்டிச் செலவைப் போனவர்களே ஏற்றார்கள்.

வரவு செலவைப் பொறுத்தவரை செலவு வரவுக்குள் அடங்கியது, சிறு கையிருப்பு உள்ளது. விவரத்தைப் பொருளாளர் தனியே வைப்பார். கூட்டம் நடத்த இடம் தந்தவருக்கும், நிலத்தில் தங்க அனுமதித்த தோட்டக்காரர்களுக்கும், பரிசல்காரர்களுக்கும், தணிக்கை செய்தவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நிற்கும் ஐந்து இடங்களையும் முடிக்க வேண்டும். முதல் நடை ஆடி பிறக்குமுன். பார்வை நடைக் குழுவுக்கு இருவர் பெயர் கொடுத்து, சந்தாப் பாக்கியும் ஆனி முடிவுக்குள் வந்துவிட்டால் இந்தப் பொறுப்பில் தொடர எனக்கு முழு விருப்பம் உண்டு. இல்லையென்றால் பதிவேட்டை அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கத் தயாராக வைத்திருக்கிறேன். பெயர் கொடுப்பதற்கான தாள் வாசல் மேசையில் உள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்
சேலம்