கங்காராம் கூட்டத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

கம்பத்தில் சர் கங்காராமைப் பற்றி ஒரு கூட்டம் என்றதும், "பஞ்சாப்காரருக்கு இங்க என்னப்பா வேலை?" என்று கேட்டவர்கள் உண்டு. பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிற பூமி இது. தண்ணீர் கொண்டுவந்த இன்னொரு இன்ஜினியரின் கதையை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? கேட்டவர்களும் வந்திருந்தார்கள், சந்தோஷம்.

முதல் நன்றி பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற அண்ணனுக்கு. 1851-இல் பிறந்து, ரூர்க்கியில் படித்து, லாகூரில் நிர்வாகப் பொறியாளராக இருந்த கங்காராமின் வாழ்க்கையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நேரே, இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிற ரெனாலா குர்துக்குப் போய்விட்டார். நமக்கு அணை மேலே, வயல் கீழே. மதகைத் திறந்தால் போதும். அங்கே கால்வாய் தாழ்வில், நிலம் மேட்டில். கால்வாயில் தண்ணீர் விழுகிற இடத்திலேயே மின்சாரம் எடுத்து, அதை வைத்தே பம்பை ஓட்டி, தண்ணீரை மேட்டுக்கு ஏற்றினார் கங்காராம். அந்த மின் நிலையம் வந்தது 1925-இல். அண்ணன் போர்டில் படம் போட்டு முடித்ததும், "அப்ப கரண்ட் பில்லே கிடையாதா?" என்று பின்வரிசையிலிருந்து வந்த கேள்விதான் அன்றைக்கு நல்ல கேள்வி.

குதிரை டிராலியின் சின்ன மாடலைச் செய்து கொண்டுவந்த பிள்ளைகளுக்கும் அவர்களின் டீச்சருக்கும் நன்றி. பஞ்சாபில் புச்சியானா ரயில் நிலையத்திலிருந்து தன் கங்காபூர் கிராமத்துக்குக் கங்காராம் தண்டவாளம் போட்டு, அதன்மேல் குதிரையை வைத்து ஓடவிட்ட வண்டி அது. கனமான மோட்டாரை ஊருக்குள் கொண்டுபோகத்தான் தண்டவாளமே போட்டார்களாம். பிறகு ஜனங்கள் ஏறிக்கொண்டார்கள்.

டெல்லி கங்காராம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த தங்கை பேசியது யாரும் எதிர்பார்க்காதது. லாகூரில் 1921-இல் கங்காராம் தொடங்கிய மருத்துவமனை இன்றும் அதே பெயரில் நடக்கிறது. பிரிவினைக்குப் பிறகு டெல்லியில் இன்னொன்று, 1954-இல். அங்கே வேலை பார்த்த காலமெல்லாம் லாகூர் சங்கதி தனக்குத் தெரியாது என்றார்.

"அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் சம்பாதித்தவர்தானே?" என்று மடக்கிய தோழருக்கும் நன்றி, நிஜமாகவே. ஆமாம், நன்றாகச் சம்பாதித்தார். கால்வாய் வெட்டி வெளியாட்களைக் குடியமர்த்திய கால்வாய்க் குடியேற்றங்களால் மேய்ச்சல் நிலம் இழந்தவர்களும் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விதவை மறுமணத்துக்கும் மருத்துவமனைக்கும் பெண்கள் பள்ளிக்கும் அந்தக் காசைத்தான் கொட்டினார். 1927-இல் லண்டனில் இறந்தார். அஸ்தியில் ஒரு பங்கு கங்கைக்குப் போனது, மற்றது லாகூருக்கு.

அப்புறம் மைக் செட் தம்பி, சுண்டல் அவித்துக் கொடுத்த அக்காமார், கடைசிவரை இருந்து நாற்காலி அடுக்கிய வாலிபர்கள், எல்லோருக்கும் நன்றி. புகைப்படங்கள் தந்தவர்கள் நூலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். டிராலி மாடல் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டது.

அன்புடன்,
வாசகர் வட்டத்துக்காக