ஓய்வுபெற்ற எங்களை மீண்டும் கரைக்கு அனுப்புங்கள்: பாசன மேலதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

டெல்டா பாசனத்தின் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய மேலதிகாரிகளுக்கு,

வணக்கம். வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் என்.எம்.ஆர். என்னும் பெயர்ப்பட்டியலில் தினக்கூலியாகச் சேர்ந்து, பின்னர் நிரந்தரமாக்கப்பட்டு, பணி ஆய்வாளராக 60 வயதில் ஓய்வுபெற்றவன் இதை எழுதுகிறேன். சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது எங்கள் ஊருக்கு மேலேயும் கீழேயும் ஆற்றுநீரை ஷட்டர்களால் அடைத்தும் திறந்தும் விடும் ரெகுலேட்டர்களில் நடந்தவை யாவும் தங்கள் கோப்புகளில் இருக்கின்றன. மூழ்கிய சம்பாவுக்குக் கணக்கெடுப்பும் முடிந்துவிட்டது. ஆகவே அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. என் கோரிக்கை ஒன்றுதான். ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர்களிலும், மதகுகளை இயக்கிக் கரையைக் காக்கும் லஸ்கர்களிலும் உடல்நலமும் விருப்பமும் உள்ளவர்களை, எழுத்துப்பூர்வமான ஆணையோடு, ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரையிலான பாசனக் காலத்துக்கு மட்டும் மீண்டும் கரைக்கு அனுப்புங்கள்.

கோப்பில் இடம்பெறாத ஒன்றை மட்டும் சொல்ல அனுமதி தாருங்கள். சம்பா மூழ்கிய அந்த இரவில் பணியில் இருந்த இளைஞர் ஒரு தற்காலிகப் பணியாளர். ஒரு தலைப்புக்கு, அதாவது ஆற்றிலிருந்து நீர் பிரியும் இடத்து மதகுக்கு, ஒருவர் என்ற கணக்கில் நாங்கள் நின்றிருந்த நீளம் முழுவதும் இன்று அவர் ஒருவருடைய பொறுப்பு. மழை வலுத்து மேல்பக்க அளவுகோலில் நீர் ஏறத் தொடங்கியதும் தலைப்பை இறக்கிவிட்டு, கீழே உள்ள ரெகுலேட்டரின் ஷட்டர்களை ஏற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அவர் தலைப்பை முடித்துக்கொண்டு இருட்டில் கரைவழியே மோட்டார் சைக்கிளில் கீழே வந்து சேர்ந்தபோது, ஷட்டருக்கு முன்னால் வெங்காயத்தாமரை ஆள் ஏறி நிற்கும் அளவுக்கு அடைந்து கிடந்தது. திருகில் கிரீஸ் இல்லை. ஷட்டரைச் சுற்றும் ஹேண்டில் வேறொரு ரெகுலேட்டரின் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. அப்போதுதான் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். "சார், ஷட்டர் ஏற மாட்டேங்குது, தண்ணி கரைக்கு வந்துடுச்சு" என்று அவர் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். ஹேண்டில் வந்து, தாமரையை வெட்டி விலக்கி, ஷட்டர்களை ஒவ்வொன்றாக ஏற்றி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. வயல் நீர் வடிய வேண்டிய ஆறே வயலுக்குள் எதிர்த்து ஏறியிருந்தது. நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிர் அது. சி.ஆர். 1009 சப்-1 நட்டவர்களுக்கு ஓரளவு பயிர் தேறியது, அந்த ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கலைத் தாங்கும். மற்றவர்களின் நடவு அழுகிப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. அந்த இளைஞரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கிரீஸ் வாங்காதது அவரல்ல. ஹேண்டிலை வேறிடத்தில் பூட்டியது அவரல்ல. கோடையில் தாமரையை அகற்றாதது அவரல்ல. காலிப் பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் விட்டதும் அவரல்ல. இத்தனை பேர் செய்யாமல் விட்டதற்கான பழியை, நாள்கூலிக்கு நின்ற ஒரு பையனின் தலையில் கட்டியது நியாயமா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்றவர் ஷட்டரில் கை வைத்தது தவறு என்று எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். அந்த விதியை நான் மதிக்கிறேன். உரிமையில்லாத எவரும் மதகைத் தொடக் கூடாது என்று பணிக்காலம் முழுவதும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தவனே நான்தான். மேல்மடைக்காரர் இரவில் வந்து மதகைத் திருப்பினால் கடைமடைக்காரரின் நாற்றங்கால் காய்ந்துவிடும் என்பதை நேரில் பார்த்தவன். விதி சரியானது என்பதால்தான் ஆணை கேட்கிறேன். ஆணை இருந்தால் உரிமையும் வரும், தவறு நேர்ந்தால் பதில் சொல்லும் பொறுப்பும் வரும். இரண்டையும் ஏற்கத் தயாராக இருக்கிறேன்.

இந்த முடிவுக்கு ஒரே நாளில் வரவில்லை. ஓய்வு வயதை அரசு 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தியபோது கூடுதலாகக் கிடைத்த இரண்டு ஆண்டுகளையும் மகிழ்ச்சியோடு உழைத்து முடித்து, 2024 மே மாதக் கடைசியில் விடைபெற்றேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், இனியாவது எங்களோடு இருங்கள் என்று அழைத்துப் போனான். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், மாலையில் பூங்காவில் உட்காருவதும் எனக்குப் பிடித்தே இருந்தன. ஆனால் அந்த ஆண்டு ஜூன் 12 வந்தது, மேட்டூர் திறக்கவில்லை. ஜூலையில் மேலே மழை கொட்டி, 28ஆம் தேதி அணையைத் திறந்து, அடுத்த இரண்டு நாளில் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டபோது, நான் ஆறாவது மாடியில் இருந்துகொண்டு செய்தித்தாளைப் பார்த்து, கல்லணைக்கு என்று வரும், நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு என்று வரும், எங்கள் வாய்க்காலில் என்று இறங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மகன் முகம் வாடியது. அவன்மேல் குறையில்லை, எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. சில மாதங்களில் ஊர் திரும்பி, இருக்கிற ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர், நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது ஒரு மனிதனின் முழுநாளுக்கும் போதுமான வேலையல்ல. மழை பெய்யும் இரவில் விழித்துக்கொள்கிறேன். எழுந்து போவதற்கு எனக்கென்று ஒரு கரை இல்லை என்பது விழித்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

பணத்துக்காகக் கேட்கவில்லை. 2003 ஏப்ரல் 1க்கு முன்பே நிரந்தரமானவன் என்பதால் பழைய ஓய்வூதியம் எனக்கு உண்டு, அது இரண்டு பேருக்குப் போதும். அந்தத் தேதிக்குப் பின் நிரந்தரமாகி, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் போன லஸ்கர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இந்தப் பாசனக் காலக் கூலியே பெரிய உதவியாக இருக்கும். வேலைக்குத் திரும்பலாமா என்று நான் கேட்டபோது என் மனைவி சொன்னது ஒன்றுதான்: "போறதுன்னா முறையா ஆர்டரோட போங்க. யாரோ ஒருத்தர் மாதிரி போய்க் கரையில நிக்காதீங்க." அவருடைய சொல்லையே நான் தங்கள்முன் கோரிக்கையாக வைக்கிறேன்.

நாங்கள் திரும்பி வந்து என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு குணம் உண்டு, அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வெள்ளக் காலத்தில் கடைசி ரெகுலேட்டரை முதலில் ஏற்றிவிட்டுத்தான் மேலே வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நடுவில் நீர் கட்டிக் கரை உடையும். கரையின் வெளிப்புறம் நண்டு வளை வழியாக ஊறும் நீர் தெளிவாக வந்தால் ஆளை நிறுத்திக் காவல் காக்கலாம், கலங்கி வந்தால் உள்ளே மண் கரைந்துகொண்டிருக்கிறது, அந்த நிமிடமே மணல் மூட்டை இறங்க வேண்டும். கடலுக்கு அருகே ஆற்றின் கடைசியில் உள்ள ரெகுலேட்டர்களான கடைமடை இயக்கு அணைகளில் வேலை இன்னும் நுட்பமானது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் ஏற்றம் மிகும். அந்நேரத்தில் மதகைத் திறந்தால் வெள்ளம் வெளியே போவதற்குப் பதிலாக உப்புநீர் உள்ளே ஏறும். ஏற்றம் வடியும் சில மணி நேரத்தைக் காத்திருந்து பிடிக்க வேண்டும், மீண்டும் ஏறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்கள் எந்தெந்த இடத்தில் கரையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தன, அவற்றில் எந்த இடம் வெறும் மண் போட்டு மூடப்பட்டது என்பதை அப்போது அங்கே நின்றவர்கள்தான் காட்ட முடியும். எனக்கு இதையெல்லாம் கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு லஸ்கர். என்னோடு கரையில் நடந்து, கையைப் பிடித்துக் காட்டிக் கற்பித்தார். அப்படித்தான் இதைக் கற்பிக்க முடியும். நாங்கள் கற்பிப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒருவரும் நியமிக்கப்படாமலேயே நாங்கள் ஓய்வுபெற்றோம்.

கட்டுமானத்துக்குப் பணம் வருகிறது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். 1836இல் கட்டிய முக்கொம்பு கொள்ளிட மேலணையின் மதகுகள் 2018 ஆகஸ்டில் உடைந்து விழுந்த பின் அங்கே புதிய கதவணை வந்தது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு வெண்ணாறு உபவடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு ஆகியவற்றில் பணிகள் நடந்தன. வர்ணம் பூசிய புதிய ஷட்டர்களைப் பார்க்கும்போது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் ஷட்டர் தானாக ஏறுவதில்லை. கோடிகளில் கட்டிய ரெகுலேட்டருக்கு அருகே இரவில் நிற்க ஓர் ஆளுக்கான கூலி இல்லை என்றால், அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் யாரை நம்பி வகுத்தார்கள்? பெரிய பதவிகளில் இருந்து ஓய்வுபெறுகிறவர்கள் ஆலோசகர்களாகத் திரும்ப அழைக்கப்படுவதை நாடெங்கும் பார்க்கிறோம். அவர்களுடைய அனுபவம் தேவை, மறுக்கவில்லை. சேற்றில் நின்றவனுடைய அனுபவம் மட்டும் ஓய்வு நாளன்று மாலையோடும் பொன்னாடையோடும் முடிந்துவிடுகிறது என்று எந்த அடிப்படையில் முடிவு செய்தார்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். குறைதீர் நாள் கூட்டங்களில் இதே கோரிக்கையை மனுவாகக் கொடுத்தோம். விதிகளில் இடமில்லை என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. விதியை எழுதியவர்கள் மனிதர்கள், திருத்த வேண்டியவர்களும் மனிதர்களே. இதை இத்தோடு நிறுத்திக்கொண்டு, பணிவோடு கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

இளைஞர்கள் வேலைக்குக் காத்திருக்கும்போது ஓய்வூதியம் வாங்குபவன் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. என் வீட்டிலேயே எழுந்தது. காலிப் பணியிடம் ஒன்றைக்கூட எங்களுக்கு ஒதுக்க வேண்டாம். அவற்றை இளைஞர்களைக் கொண்டே, வெளிமுகமை வழியாக அல்லாமல் நேரடியாக நிரப்புங்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரோடும் எங்களில் ஒருவரை இரண்டு பாசனக் காலம் மட்டும் நிறுத்துங்கள். 65 வயதைத் தாண்டியவர்களை அழைக்க வேண்டாம். மருத்துவச் சான்று கேளுங்கள், தருகிறோம். கூலியைத் தாங்கள் நிர்ணயிப்பதே போதும். மூன்றாவது ஆண்டு நாங்கள் கேட்காமலேயே விலகிக்கொள்வோம்.

காலம் குறைவாக இருக்கிறது என்பதையும் நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். அணை திறப்பு முன்பின் ஆகலாம், 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். தூர்வாரும் பணி நடக்கும் இந்தக் கோடையிலேயே ஆணை வந்தால்தான், ஷட்டர்களை ஒருமுறை முழுமையாக ஏற்றி இறக்கிப் பார்த்து, திருகுகளுக்குக் கிரீஸ் இட்டு, ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் அதற்குரிய ஹேண்டிலை அங்கேயே வைத்து, பலவீனமான கரைகளைப் புதியவர்களுக்கு நடந்து காட்ட முடியும். தண்ணீர் இறங்கிய பிறகு வரும் ஆணையால் பயன் பாதியாகிவிடும்.

எங்கள் பகுதியில் விருப்பம் தெரிவித்திருக்கும் ஒன்பது பேரின் பெயர், வயது, பணிபுரிந்த ஆறு, வாய்க்கால் விவரங்களைச் செக்‌ஷன் அலுவலகத்தில் ஏற்கெனவே ஒப்படைத்திருக்கிறோம். அவர்களுக்கு மே மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமான ஆணை வழங்கி மீண்டும் கரைக்கு அனுப்புமாறும், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட அந்த இளைஞரை அதே ரெகுலேட்டரில் மீண்டும் அமர்த்துமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவருக்குத் துணையாக யாரை நிறுத்துவது என்று தாங்கள் யோசித்தால், என் பெயரைக் கருத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர்,
வெண்ணாறு பாசனப் பகுதி