தகமாட்சுவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். வேலை பழகிவிட்டது, ஜப்பானிய மொழிதான் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய பொடிகள் நிறைய இருக்கின்றன, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த உங்களுக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே துறைமுகத்தில் படகேறினால் ஒரு மணி நேரத்துக்குள் நவோஷிமா தீவு. 1917 முதல் அங்கே தாமிர உருக்காலை இருக்கிறது. அதன் புகையில் சுற்றுப்புறத்து மரங்கள் கருகிப்போயின. இளைஞர்களும் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அந்தத் தீவில்தான் 1992-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். இன்று படகில் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர்கள்.

கடலுக்குள் நீளும் மேடையில் கறுப்புப் புள்ளி வைத்த பெரிய மஞ்சள் பூசணிக்காய்ச் சிற்பம் இருக்கிறது. ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 1994-இல் செய்தது. 2021 புயலில் அலை இழுத்துப்போய் உடைத்துவிட்டது; அடுத்த ஆண்டே புதிதாகச் செய்து அதே இடத்தில் வைத்தார்கள். குசாமா விதை வியாபாரக் குடும்பத்துப் பெண். படம் வரைவது அவருடைய அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபுக்கு, அறிமுகமே இல்லாமல், ஓவியராக வழி கேட்டுக் கடிதம் எழுதினார். பதில் வந்தது! 1958-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். சுற்றிலும் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த அவருடைய அறைகளைப் பார்க்க லண்டனில் கூட்டம் அலைமோதியது. ஊரை விட்டு வந்த எனக்கு அந்தக் கடிதத்தை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

அப்புறம் அதே தீவில் சிச்சு அருங்காட்சியகம். மலையின் அழகு கெடக்கூடாதென்று மொத்தத்தையும் மண்ணுக்கடியில் கட்டியிருக்கிறார் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ. கட்டடக்கலை படிக்கக் கல்லூரிக்கே போகாதவர் அவர். உள்ளே பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குளப் படங்கள் ஐந்து. செருப்பைக் கழற்றி, அவர்கள் தருவதைப் போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். விளக்கே கிடையாது, மேலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம் மட்டும். மேகம் நகர்ந்தால் நீலம் ஊதாவாகிறது. நிழல் எப்போதும் கறுப்பில்லை என்று வகுப்பில் சொல்வீர்களே, அதை இங்கே கண்ணால் பார்த்தேன். மோனே ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களைச் சேர்த்தவர், தன் குளத்தில் ஜப்பானியப் பாணிப் பாலம் போட்டவர். ஆகவே அந்தப் படங்கள் இங்கே விருந்தாளிகள் என்று எனக்குத் தோன்றவில்லை, பிறந்த வீட்டுக்கு வந்தவை.

பக்கத்துத் தீவான தெஷிமாவைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? வசந்தத்தில் வாருங்கள், குளிர் தாங்கும்படி இருக்கும். சிச்சு திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்துத் தேதி முடிவு செய்யலாம். உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள். வரைபுத்தகத்தை மறக்காமல் கொண்டுவாருங்கள், வெளியே கடலைப் பார்த்து உட்கார நல்ல இடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகள்